கதவைத் தள்ள வேண்டாம்

எங்கள் வீட்டு குக்கர் பேசும். சோறு வெந்ததும் ஒரு பெண்குரல், நன்றாகக் கிளறிவிடுங்கள் என்று சொல்லும். என் மனைவி சில நாள் அதற்குச் சரி என்று பதில்கூடச் சொல்வாள். நான் அடுக்களையை விட்டு எழுந்து போய்விடுவேன். துவைக்கும் இயந்திரம் வேலை முடிந்ததும் அரை நிமிடம் பாடும். அதை நிறுத்த இரண்டு பொத்தான்களைச் சேர்த்து ஐந்து விநாடி அழுத்த வேண்டும். இது கையேட்டில் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் இருக்கிறது. எங்கள் அடுக்ககத்தில் நூற்றுப் பன்னிரண்டு வீடுகள், எல்லா வீட்டிலும் அந்த இயந்திரம் பாடிக்கொண்டுதான் இருக்கிறது. ஒருவரும் அந்தப் பக்கத்தைத் திறந்ததில்லை.

எனக்கு அது தெரியும், ஏனென்றால் கையேடு எழுதுவதுதான் என் தொழில். புச்சொன் நகரத்துக் கம்பெனி ஒன்றில் இருபத்துமூன்று வருடம் எழுதினேன். என் பெயர் தோ கிசொக் என்பது உங்கள் கோப்பில் இருக்கும், அதிகாரி அவர்களே. கையேட்டில் எங்கேயும் இருக்காது.

நீங்கள் கேட்பது வேர்வைப் பெட்டியைப் பற்றி. ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு மரத்தில் அறை மாதிரி செய்து, முன்பக்கம் கண்ணாடிக் கதவு வைத்திருப்போம். உள்ளே சூடு அறுபத்தைந்து பாகை வரை போகும். மூட்டுவலி உள்ள வயசானவர்கள்தான் அதிகம் வாங்குவார்கள். பழைய பெட்டியில் உள்பக்கம் ஒரு மரக் கைப்பிடியும், உள்ளங்கை அளவு சிவப்புப் பொத்தானும் இருந்தன. அழுத்தினால் சூடு நிற்கும், கதவு திறக்கும். அதற்கு நான் எழுதிய குறிப்பு ஒரே வரி.

வடிவமைப்புத் தலைவியாகப் பியோ யுன்ஜு வந்தாள். முப்பத்தாறு வயது. அந்தப் பொத்தான் படத்தில் முகப்பரு மாதிரி தெரிகிறது என்று எடுத்துவிட்டாள். கதவின் நேர்க்கோட்டு அழகு கெடுகிறது என்று கைப்பிடியையும் எடுத்தாள். பதிலுக்குக் கறுப்புக் கண்ணாடிப் பலகை ஒன்று வந்தது. சூடு ஏற்ற, இறக்க, கதவைத் திறக்க, எல்லாவற்றுக்கும் அதைத்தான் தொட வேண்டும்.

சோதனைக்கு நானே உள்ளே உட்கார்ந்தேன். இருபது நிமிடத்தில் விரல் நுனியிலிருந்து வேர்வை சொட்டியது. கதவு திறக்கும் இடத்தில் தொட்டேன். ஈர விரலைப் பலகை வேறு விதமாகப் புரிந்துகொண்டு நேரத்தைப் பத்து நிமிடம் கூட்டியது. துடைத்துவிட்டுத் தொட்டேன், இன்னும் பத்து கூட்டியது. துடைக்கத் துடைக்கக் கண்ணாடியில் எண்ணெயும் வேர்வையும் இழுபட்டு, நத்தை ஊர்ந்த தடம் மாதிரி ஆனது. எனக்கு முன்னால் உட்கார்ந்த எவனுடைய தலைமுடியோ அதில் ஒட்டியிருந்தது. அன்று மதியம் என்னால் சாப்பிட முடியவில்லை. கடைசியில் கதவின் கீழ் மூலையைக் காலால் ஓங்கித் தள்ளினேன். காந்தப் பூட்டு விட்டுக்கொடுத்தது.

இதை எழுதி மேலே அனுப்பினேன். பின்னால் வரும் மென்பொருளில் சரிசெய்வதாகப் பொறியாளர்கள் சொன்னார்கள். நான் கையேட்டில் எழுதினேன்: பலகை வேலை செய்யாவிட்டால், கதவின் கீழ் மூலையைக் காலால் ஓங்கித் தள்ளவும். தடித்த எழுத்தில், முதல் பக்கத்தில்.

யுன்ஜு அதை என் மேசைக்கு எடுத்துக்கொண்டு வந்தாள். கோபமாக இல்லை, சிரித்துக்கொண்டுதான் வந்தாள்.

"தோ சார், காலால உதைன்னு போட்டா யாரு சார் வாங்குவா? நம்ம பொருளை நாமளே கேவலப்படுத்துற மாதிரி இருக்கு."

மக்கள் உள்ளே மாட்டிக்கொள்வார்கள் என்று சொன்னேன்.

"மாட்டிக்கிட்டா அவங்களே தட்டி, உதைச்சு வெளிய வந்துடுவாங்க. நீங்க எழுதுறதை எவன் சார் படிக்கிறான்?"

அறுபத்துநான்கு பக்கக் கையேட்டை ஒரே அட்டையாகச் சுருக்கச் சொன்னாள். மற்றதை க்யூஆர் கோடு பார்த்துக்கொள்ளுமாம்.

அட்டையை எழுதினேன். ஏழு வரி. ஐந்தாவது வரி இப்படி இருந்தது: பலகை வேலை செய்யாவிட்டால் கதவைத் தள்ள வேண்டாம். மீண்டும் தொட்டுவிட்டு அமைதியாகக் காத்திருக்கவும்.

தெரிந்துதான் எழுதினேன். தவறுதலாக விழுந்த வரி என்று என் வக்கீல் சொல்லச் சொல்கிறார். நான் தவறுதலாக எழுதுகிறவன் இல்லை.

என் கணக்கு சின்னதுதான். யாராவது ஒருவர் தலைசுற்றி விழுவார், புகார் வரும், பொத்தானும் கைப்பிடியும் திரும்பி வரும், கையேடும் வரும். லேசான மயக்கம், அவ்வளவுதான் எதிர்பார்த்தேன். அதோடு, அச்சுக்கு முன் அட்டை ஒப்புதலுக்காக ஐந்து பேரிடம் போக வேண்டும். ஒருவராவது என்னைக் கூப்பிட்டு இது என்ன வரி என்று கேட்டிருந்தால் அங்கேயே மாற்றியிருப்பேன். ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டார்கள். சட்டப் பிரிவில் இருந்தவர் காப்பிக் கோப்பையை அதன்மேல் வைத்திருந்திருக்கிறார், வட்டக் கறையோடு திரும்பி வந்தது. அந்தக் கறையைப் பார்த்தபோது எனக்கு இருந்த கொஞ்சம் தயக்கமும் போய்விட்டது.

குளிர்காலத்தில் பெட்டி நன்றாக விற்றது. பதினொரு பேர் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். பதினொரு பேரும் கண்டபடி உதைத்து வெளியே வந்துவிட்டார்கள். புகார்களை நான்தான் வாசித்தேன். ஒருவர்கூட அட்டையைப் பார்த்திருக்கவில்லை. ஒருவர் அதை வைத்து ஆடும் மேசைக்கு முட்டுக்கொடுத்திருந்தார். யுன்ஜு சொன்னபடியே நடந்தது. கதவின் கீழ் மூலையை இன்னும் கொஞ்சம் பலப்படுத்துங்கள் என்று அவள் உத்தரவு போட்டாள்.

யோம் மல்சுன் அம்மாள் குன்சான் ஊரில் கிம்பாப் என்ற சோற்றுச் சுருள் விற்கும் கடை வைத்திருந்தவர். எழுபத்தொரு வயது. முழங்கால் தேய்ந்து கடையை மூடியதும் மகள் பெட்டி வாங்கிக் கொடுத்திருக்கிறாள். ஜனவரி பத்தொன்பதாம் தேதி காலை ஒன்பதரைக்கு உள்ளே போனவரை, மகள் பொக்னிம் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்தபோது உயிர் போன பிறகுதான் பார்த்தாள். பெட்டி அப்போதும் சூடாக இருந்தது. பலகை இன்னும் நாற்பது நிமிடம் பாக்கி காட்டியது. கதவில் ஒரு தட்டல் தடம்கூட இல்லை. அட்டை அவர் மடியில் இருந்தது, நனையாமல் இருக்க உறை போட்டிருந்தார்.

போன வாரம் இந்த அறையில்தான் பொக்னிம் என்னைப் பார்த்தாள். கத்தவில்லை. "எங்கம்மா சொன்ன பேச்சு கேக்குறவங்க. அது தெரிஞ்சா எழுதுனீங்க?" என்று கேட்டாள். ஜனவரி ஏழாம் தேதியிலிருந்து தெரியும் என்பதுதான் பதில்.

வாடிக்கையாளர் பிரிவில் பதில் தெரியாத கேள்விகளை என் மேசைக்குத் தள்ளிவிடுவார்கள். ஜனவரி ஏழாம் தேதி அப்படி ஒரு அழைப்பு வந்தது. அதன் பதிவு உங்களிடம் இருக்கிறது, இருந்தாலும் நானே சொல்லிவிடுகிறேன். மல்சுன் அம்மாள் ஏழு வரிகளையும் ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் விளக்கம் கேட்டார். எழுத்தெண்ணிப் படித்திருந்தார். மூன்றாவது வரியில் ஒரு காற்புள்ளி விட்டுப்போனதைக்கூட, இது இங்கே நிறுத்திப் படிக்கணுமா என்று கேட்டார். இருபத்துமூன்று வருடத்தில் என் வாக்கியத்தைப் பற்றி என்னிடம் கேட்ட ஒரே ஆள். ஐந்தாவது வரிக்கு வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார், என்னைக் குறை சொல்வதாக நான் நினைத்துவிடக் கூடாதே என்று.

"தம்பி, ஈரக் கையால தொட்டா நேரம் கூடிக்கிட்டே போகுதே. அப்பவும் கதவைத் தள்ளக் கூடாதா?"

காலால் உதையுங்கள் அம்மா என்று சொல்ல இரண்டு விநாடி போதும். வாய்வரை வந்தது. ஆனால் அவர் முன்னால் அந்த அட்டை விரிந்திருந்தது. அதில் இருப்பது பொய் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

"எழுதியிருக்கிறபடியே செய்யுங்கம்மா," என்றேன்.

"சரி தம்பி. இந்தச் சாமான்ல வேற ஒண்ணுமே எனக்குப் புரியமாட்டேங்குது. நீங்க எழுதுனது ஒண்ணுதான் புரியுது."

நன்றி சொல்லிவிட்டு வைத்தார். அன்று முழுக்க எனக்கு மனசு நிறைவாக இருந்தது. அவரை நான் ஏமாற்றவில்லை, அதிகாரி அவர்களே. படிக்கத் தெரிந்த ஒருவருக்கு, அவர் கேட்டதற்குத் தெளிவாகப் பதில் சொன்னேன்.