பதினேழாம் பின்

இல்லம்மா ஜெயப்பிரியா, சைரன் பெட்டிக்குள்ள பனி எறங்கலை. ஊர்ல அப்பிடித்தேன் பேசிக்கிறாக, ஆனா தெறந்து பாத்துட்டேன், சொட்டு ஈரமில்ல. உக்காருங்க. பள்ளங்கியிலருந்து இதத் தூக்கிட்டு பஸ் ஏறி வந்திருக்கீங்க, டீ சொல்லவா? சரி, வேணாம்.

அப்பாவுக்கு இடுப்புல ஆபரேஷன் முடிஞ்சிருச்சா? நடக்க ஆறு மாசமாகுமா?

இதுவா, கைக்குள்ள அடங்குற கம்ப்யூட்டர்மா, லினக்ஸ்ல ஓடுது. ஓரத்துல முள்ளு முள்ளா நிக்குதுல்ல, அதத்தேன் பின்னும்பாக. உங்க தோட்டத்துல இழுத்துக் கட்டுன கம்பிய காட்டுமாடு தள்ளுனா சுவிட்சு விழும். பதினேழாம் பின்னுல ஒண்ணுன்னு காட்டும், சைரன் கத்தும். மாடு வரலைன்னா சைபர். அம்புட்டுதேன்.

ஆனா சுவிட்சு சும்மா கெடக்கயில அந்தப் பின்ன ஒரு ரெசிஸ்டர் வச்சு கிரவுண்டோட, அதாவது சைபரோட, புடிச்சுக் கட்டணும். அரிசி தண்டி சாமான். நான் வைக்கலை. பிடிமானமில்லாத பின்னு இஷ்டத்துக்கு ஒண்ணுங்கும், சைபருங்கும். மாடே வராம சைரன் கத்துச்சே, அது அதுனாலதேன். ஊரே போன் போட்டு வஞ்சுச்சு. உங்கப்பா சின்னச்சாமியண்ணன் மட்டும் வையலை. நம்ம செல்வின் வந்து பாத்துருவாப்லன்னு என்னையச் சொன்னாராம்.

இப்பவும் அதேதேன் சொன்னாரா? செல்வின்கிட்டயே குடு, வேற ஆளு கை வைக்க வேணாம்னா? ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டா?

அழுகாதீங்கம்மா. நான் சொல்றதக் கேளுங்க.

சைரன் கத்துன அந்த ஞாயித்துக்கெழம எம் மக அனிட்டாவுக்கு மாதா கோயில்ல புதுநன்மை, மொத நற்கருணை வாங்குற விசேஷம். வீடு நெறைய சொந்தக்காரக. அந்நேரம் பாத்து போன் மேல போனு. ரெசிஸ்டர் வைக்க அரை மணி நேரச் சோலிதேன், அங்கன வந்திருக்கணும். வரலை. வீட்டுல இருந்தபடியே லேப்டாப்புல பெட்டிக்குள்ள போயி ஒரு வரிய மாத்திவிட்டேன். பின்னப் பாக்காத, எப்பவும் சைபர்னே வச்சுக்கன்னு. சைரன் அடங்கிருச்சு. திங்கக்கெழம வந்து சரி பண்ணுவோம்னு இருந்தேன். திங்கள் போச்சு, அடுத்த திங்களும் போச்சு.

வியாழக்கெழம வெள்ளனே, சைரன் கத்தலையேன்னு நம்பித்தான அண்ணன் பீன்ஸ் பறிக்க எறங்குனாரு. மாடு கம்பியத் தள்ளிட்டுத்தேன் வந்திருக்கு. சுவிட்சும் விழுந்திருக்கு.

போர்டு நல்லாத்தேம்மா இருக்கு. நாந்தேன் அதப் பாக்க விடலை.

நீங்க சொல்ல வேணாம். நானே வந்து அவருகிட்டச் சொல்றேன். எந்த வார்டுன்னு மட்டும் சொல்லுங்க.