வெக்ஸ்போர்ட் வீட்டில் படம் உடைந்தது தொடர்பாக

எனது பெயர் இராசரத்தினம் கிருபன். வயது நாற்பத்தொன்பது. ஸ்காபரோ, மார்க்கம் வீதியில் உள்ள அடுக்குமாடியில் வசிக்கிறேன். பேக்கரி ஒன்றின் லொறி ஓட்டுகிறேன். யாரும் அழைக்காமல் நானாகவே பொலிஸ் நிலையத்துக்கு வந்து, மொழிபெயர்ப்பாளர் முன்னிலையில் இதைச் சொல்கிறேன்.

என் மகள் நிரூபா கல்லூரியில் தாதியர் படிப்புப் படிக்கிறாள். எங்கள் வருமானம் குறைவென்பதால் கல்லூரி அவளுக்கு உதவிப்பணம் ஒதுக்கியிருந்தது. வெக்ஸ்போர்ட்டில் இருக்கும் புனிதவதி அக்கா, விபத்தில் இறந்த தன் ஒரே மகன் திலக்சனின் பெயரில் வருடந்தோறும் ஒரு பிள்ளைக்குப் புலமைப்பரிசில் கொடுப்பவர். இந்த வருடம் அதை நிரூபாவுக்கு அறிவித்தார். நான் சொந்தக்காரர் எல்லோருக்கும் போன் எடுத்துச் சொன்னேன். அதன் பின்னர், வெளியிலிருந்து காசு கிடைப்பதால் தான் கொடுக்கும் உதவிப்பணத்தில் அதே அளவைக் குறைக்கப்போவதாகக் கல்லூரி அறிவித்ததென்று நிரூபா சொன்னாள். "பொறுங்கோ அப்பா, நான் கதைக்கிறன்" என்றும் சொன்னாள். நான் பொறுக்கவில்லை.

புலமைப்பரிசில் கிடைத்ததைக் கல்லூரிக்கு அக்காதான் சொல்லியிருப்பார் என்று நினைத்து, சனிக்கிழமை வேலை முடிந்ததும் சீருடையுடனேயே அவர் வீட்டுக்குப் போனேன். அவர் சிரித்த முகத்துடன் கதவைத் திறந்து, "வாங்கோ தம்பி, பிள்ளை எல்லாம் சொன்னவ" என்றார். தேத்தண்ணிக்குக் கேத்தலைப் போட்டார். அதன் பின்னர், "கொலிஜோட நானும் கதைச்சனான்" என்று அவர் தொடங்க, நான் முடிக்க விடாமல், "செத்தவன்ர பேரில காசைத் தந்து, இருக்கிற பிள்ளைக்கு வாறதையும் இல்லாமல் ஆக்கிப்போட்டியள்" என்று கத்தினேன். அந்தச் சொற்களை நான் சொன்னபடியே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். அதன் பின்னர் முன்னாலிருந்த சின்ன மேசையைத் தள்ளினேன். அதன்மேல் இருந்த திலக்சனின் படம் விழுந்து கண்ணாடி உடைந்தது. அக்கா குனிந்து வெறுங்கையால் துண்டுகளைப் பொறுக்கினார். கையில் வெட்டி இரத்தம் வந்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சத்தம் கேட்டு அயலவர் அழைத்ததில் பொலிஸார் வந்தனர். அக்கா போன் எடுத்து நிரூபாவும் வந்தாள். புலமைப்பரிசிலை உதவிப்பணத்தில் கழிக்காமல், அவள் எடுக்கவிருந்த கடனில் கழிக்கக் கல்லூரி இணங்கிவிட்டதென்றும், அதற்குத் தன் சம்மதத்தைச் சொல்லவே அக்கா கல்லூரியுடன் கதைத்தார் என்றும் அவள் சொல்லித்தான் அறிந்தேன்.

பொலிஸார் கேட்டபோது அக்கா, "என்ர கை பட்டுத்தான் விழுந்தது. தம்பி ஒண்டும் செய்யேல்லை" என்றார். நிரூபா அவர் கைக்குத் துணி சுற்றிக்கொண்டே, "அப்பிடியோ அப்பா?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றேன்.

அது பொய். அக்கா என்னைக் காப்பாற்றவே அப்படிச் சொன்னார். மேசையைத் தள்ளியவன் நான். மகளிடம் இனித்தான் சொல்லவேண்டும்.

இதைத் தமிழில் எனக்கு வாசித்துக் காட்டினார்கள். கூட்டவோ குறைக்கவோ எதுவுமில்லை. எல்லாம் நடந்தபடியே உள்ளது.

(ஒப்பம்) இ. கிருபன்