ஐம்பத்தெட்டாம் எண் சட்டை

இந்த நாற்காலி சுகமாக இருக்கிறது. ஸ்டேடியத்தில் எங்கள் பதினான்காவது வரிசையில் இருப்பது வெறும் அலுமினியப் பலகை. செப்டம்பர் வெயிலில் அதில் உட்கார்ந்து எழுந்தால் தொடை கன்றிப்போகும். முப்பத்தெட்டு வருடம் அதில் உட்கார்ந்தவனுக்கு மெத்தை வைத்த நாற்காலி கிடைத்தால் பேச்சு கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மேசையில் இருக்கும் பச்சைத் தொப்பியைப் பார்த்தேன். அதில் இருப்பது எங்கள் அணியின் பழைய சின்னம், பல்லைக் காட்டுகிற கோவேறு கழுதை. எண்பத்தொன்பதாம் வருடத்துத் தொப்பி அது. உங்கள் அப்பாவுடையதாக இருக்கும். அப்படியானால் நான் விளக்க வேண்டியது அதிகம் இல்லை.

என் பெயர் வெர்லன் ஹாட்லி. வயது எழுபத்தொன்று. லோரிங்டன் காகித ஆலையில் முப்பத்தாறு வருடம் குழாய் வேலை பார்த்தேன். கல்லூரியின் பயிற்சி மைதானம் ஆலைக்குப் பின்னால் இருந்தது. அதற்குத் தண்ணீர் ஆலையிலிருந்துதான் போகும். அதனால் ஆகஸ்ட் மாதம் முழுக்க ஆலை என்னை மைதானத்துக்கு அனுப்பிவைக்கும். அங்கே வேலை செய்தேனே தவிர நான் கல்லூரி ஆள் அல்ல, அணியின் ஆளும் அல்ல. இதை மட்டும் நான் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்தை டிவியில் போட்டார்கள். எண்பத்தொன்பதாம் வருட லோரிங்டன் கல்லூரிக் கால்பந்து அணியைப் பற்றிய ஆவணப்படம். ஊரே பார்க்க வேண்டும் என்று தீயணைப்பு நிலையத்தின் கூடத்தில் பெரிய திரை கட்டியிருந்தோம். வெண்டல் ஸ்ப்ரூயல் முந்தின நாளே பன்றித்தோள் இறைச்சியை அடுப்பில் போட்டுவிட்டான். வெண்டல் என்னோடு ஆலையில் வேலை பார்த்தவன். ஸ்டேடியத்தில் எனக்கு வலப்பக்கத்து இருக்கை அவனுடையது. அறுபது பேர் இருந்தோம். எல்லோரும் பச்சைச் சட்டை.

முதல் முக்கால் மணி நேரம் திருவிழாதான். அந்த அணி எவ்வளவு மோசமான அணி என்று படத்தில் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எங்கள் ஆட்கள் கைதட்டினார்கள். பஸ் டிரைவரை நெடுஞ்சாலையில் இறக்கிவிட்டு அவர்களே பஸ்ஸை ஓட்டிக்கொண்டு வந்ததற்கு ஒரு கைதட்டல். வெள்ளிக்கிழமை அடிதடியில் உள்ளே போன மூன்று பேரைச் சனிக்கிழமை மதிய ஆட்டத்துக்குள் நீதிபதி வெளியே விட்டதற்கு ஒன்று. பிரான்ட் ஸ்டேட் கல்லூரிக்காரர்கள் தங்கள் அதிர்ஷ்டத்துக்கு வளர்த்த நாய்க்குப் பச்சைப் பெயிண்ட் அடித்ததற்கு எழுந்து நின்றே தட்டினார்கள்.

"அந்தப் பெயிண்ட்டை வாங்கிக் குடுத்தவனே நான்தான்டா," என்றான் வெண்டல். "படத்துல என் பேரு வருதா பாரு. வராது. உழைச்சவன் பேரு எங்க வந்திருக்கு."

ஒரு பேராசிரியர் வந்து, அந்தக் காலத்துப் பயிற்சி காட்டுமிராண்டித்தனம் என்றார். கூடம் முழுக்க ஊளையிட்டது.

"இவரு வாழ்க்கைல ஒரு தடவையாச்சும் வேர்த்திருப்பாரா?"

"கல்யாணத்தன்னிக்கு வேர்த்திருப்பாரு, பாவம்," என்றாள் டார்லா. அழகு நிலையம் வைத்திருப்பவள். எங்களுக்கு முன் வரிசை.

அப்புறம் அந்தப் பையனின் படம் வந்தது. க்வென்டின் மேஸ். பதினெட்டு வயது, முதல் வருடம். சட்டை எண் ஐம்பத்தெட்டு. ஆகஸ்ட் பதினேழாம் தேதி, நூற்றியொரு டிகிரி வெயில், தலைக்கவசமும் தோள்கவசமும் போட்டு இரண்டரை மணி நேரப் பயிற்சி, ஆறு குழாயிலும் தண்ணீர் இல்லை, பையன் விழுந்தான், சாயங்காலம் ஆஸ்பத்திரியில் இறந்தான். அவனோடு ஆடிய மூன்று பேர் சொன்னார்கள், இன்றைக்குத் தலை நரைத்த ஆட்கள். ஒருவன் அழுதான். "கோச் வேணும்னே தண்ணிய நிறுத்திட்டாரு. எங்கள இறுக்கறதுக்கு," என்றான்.

அடுத்து கோச் ரூடலைக் காட்டினார்கள். முதியோர் இல்லத்தில், ஜன்னலோரம், சக்கர நாற்காலியில். எண்பத்தாறு வயது. கேள்வி கேட்டார்கள். அவர் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துச் சிரித்தார். அவருக்குப் போன வருடமே என்னைக்கூட அடையாளம் தெரியவில்லை. அவரை அப்படிக் காட்டியது நியாயமில்லை என்று எனக்குப் பட்டது.

கடைசியில் பையனின் அம்மா ஒரீதா. "யாரைத் திட்டியும் எனக்கு ஒண்ணும் ஆகப்போறதில்ல," என்றார். "எம்புள்ள யார்கிட்டயாவது தண்ணி கேட்டானா? அது மட்டும் எனக்குத் தெரியணும்."

படம் முடிந்ததும் ஒருவன் பொய் என்றான். இன்னொருவன், அந்தக் காலத்தில் எல்லா ஊரிலும் அப்படித்தான் என்றான். டார்லா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். பின்னாலிருந்து யாரோ மெதுவாகக் கேட்டார்கள்: "அப்போ சாம்பியன் பட்டத்தப் புடுங்கிருவாங்களா?"

அறுபது தலையும் திரும்பியது. அந்தப் பையன் பெயர் வந்தபோதுகூட அப்படித் திரும்பவில்லை.

பிடுங்குவார்கள் போலத்தான் இருந்தது. இதை விசாரிக்கக் கல்லூரி அமைத்த கமிட்டி வியாழக்கிழமை அறிவித்தது. பயிற்சியாளரோ அணியைச் சேர்ந்த வேறு யாரோ தண்ணீரை மறுத்தது உறுதியானால் எண்பத்தொன்பதாம் வருடப் பட்டத்தைத் திருப்பிக் கொடுப்பார்கள். ரூடலின் சிலையை எடுத்துவிடுவார்கள். ஊர்த் தண்ணீர்த் தொட்டியில் எழுதியிருக்கும் '12–0' என்பதை அழித்து வெள்ளையடிப்பார்கள். அறிவிப்பை இரண்டு முறை படித்தேன். அணியைச் சேர்ந்த யாரோ, என்று இருந்தது. நான் அணியைச் சேர்ந்தவன் அல்ல.

தண்ணீரை நிறுத்தியது நான்.

ஏன் என்று கேட்பீர்கள். எண்பத்தெட்டில் கடைசி ஆட்டம், பிரான்ட் ஸ்டேட்டோடு. ஆட்டத்தில் நாலு கால்மணி. மூன்று கால்மணி முடிந்தபோது நாம் பதினேழு புள்ளி முன்னால். நாலாவது கால்மணியில் தோற்றோம். அந்தக் கால்மணியில் நம் பையன்கள் தண்ணீர் வண்டியைச் சுற்றி மாடுகள் போல நின்றதை என் கண்ணால் பார்த்தேன். என் அப்பா ஆலையின் நீராவி அறையில் வேலை பார்த்தவர். ஷிப்ட் முடியும்வரை தண்ணீர் தொடமாட்டார். குடித்தால் கால் தளர்ந்துவிடும் என்பார். ஐம்பத்தொரு வயதுவரை நன்றாகவே இருந்தார்.

கோச் ரூடலுக்கு அந்தத் தோல்விக்கு அப்புறம் மனசு இளகிவிட்டது. "வெர்லன், கொழாய் எப்பவும் தொறந்தே இருக்கட்டும். பசங்க வேணும்கிறப்ப குடிக்கட்டும்," என்று என்னிடமே சொன்னார். நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் நாலாவது கால்மணியில் என்ன செய்வார்கள் என்று நாம்தான் பார்த்துவிட்டோமே.

மைதானத்தின் ஓரத்தில் ஓர் இரும்பு மூடி. அதன் கீழே வால்வு. அதைத் திருப்ப நீளமான சாவி ஒன்று உண்டு, அது என் வண்டியில் இருக்கும். ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி அரை மணி நேரம் மூடிவைத்தேன். ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. பதினாறாம் தேதி ஒரு மணி நேரம். கோச் கேட்டார். "ஆலைல அழுத்தத்தக் கொறைச்சிருக்காங்க கோச், பத்து நிமிஷத்துல வந்துரும்," என்றேன். குழாய் விஷயத்தில் நான் சொன்னால் ஊரில் மறுபேச்சு கிடையாது. பதினேழாம் தேதி முழுப் பயிற்சிக்கும் மூடினேன். கோச் நாலு முறை கேட்டார். நாலு முறையும் பத்து நிமிடம் என்றேன். தண்ணீர் இதோ வந்துவிடும் என்று நம்பித்தான் அவர் பயிற்சியை நிறுத்தவில்லை. ஆகவே குற்றம் அவருடையது இல்லை. கமிட்டிக்கு இது தெளிவாகப் புரிய வேண்டும்.

பையனைத் தூக்கிப்போன உடனே வால்வைத் திறந்துவிட்டேன். அன்று வந்த போலீஸ்காரர்கள் ஆறு குழாயையும் திருப்பிப் பார்த்தார்கள். ஆறிலும் வந்தது. இதயக் கோளாறு என்று எழுதி முடித்தார்கள். அந்த வருடம் பன்னிரண்டு ஆட்டம், பன்னிரண்டு வெற்றி. நாலாவது கால்மணியில் எதிரணிக்கு நாம் விட்டுக்கொடுத்தது மொத்தமே ஒன்பது புள்ளி. எங்கள் ஊரில் நாலாவது கால்மணி தொடங்கும்போது எல்லோரும் எழுந்து நாலு விரலைத் தூக்கிக் காட்டும் வழக்கம் அந்த வருடம் வந்ததுதான். ஒவ்வொரு முறையும் எழுபதாயிரம் கைகள். எதற்காகத் தூக்குகிறோம் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். நான் யாரிடமும் பீற்றிக்கொண்டதில்லை.

வெள்ளிக்கிழமை வெண்டலிடம் சொன்னேன். வீட்டுக் கொல்லையில் அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தான். டார்லாவும் இருந்தாள். முழுக்கக் கேட்டுவிட்டு வெண்டல் இடுக்கியைக் கீழே வைத்தான்.

"நீ ஆலை ஆளுதான? சம்பளம் ஆலைதான குடுத்துச்சு?"

"ஆமா."

"அப்போ அணிக்கும் உனக்கும் சம்பந்தமே இல்ல."

"இல்ல."

"அட கெழட்டுப் பயலே," என்று என் தோளில் ஓங்கித் தட்டினான். "நாலு நாளா நான் தூங்கல தெரியுமா? பட்டம் நமக்குத்தான்டா." என் தட்டில் இன்னொரு துண்டு கறி வைத்தான். ஓரத்தில் கருகி மொறுமொறுப்பான துண்டு. அதை அவன் யாருக்கும் கொடுக்கமாட்டான்.

டார்லா தன் தட்டைப் புல்லில் வைத்துவிட்டு எழுந்தாள். "அந்தம்மாவுக்குத் தெரியுமா, வெர்லன்?" என்று கேட்டாள்.

அது நியாயமான கேள்வி. முதலில் அவரிடம்தான் சொல்லியிருக்க வேண்டும். ஒரீதா எனக்கு அந்நியர் இல்லை. பையன் போனபின் கல்லூரி அவருக்கு ஆயுள் முழுக்க ஓர் இருக்கை கொடுத்தது. பதினான்காவது வரிசை, எனக்கு இடப்பக்கம். முப்பத்துமூன்று வருடம் சொந்த மைதானத்து ஆட்டம் ஒன்றைக்கூட அவர் விட்டதில்லை. ஐம்பத்தெட்டாம் எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். ஆட்டக்காரர்கள் ஓடிவரும்போது ஒவ்வொரு முதுகாகப் பார்ப்பார். யாரும் அந்த எண்ணைப் போடவில்லை என்று தெரிந்ததும் உட்கார்ந்துவிடுவார். கத்தமாட்டார், விரலைத் தூக்கமாட்டார். அமைதியாக ரசிக்கிற சுபாவம்.

இன்று காலை அவர் வீட்டுக்குப் போனேன். வாசல் படியில் நின்றபடியே எல்லாம் சொன்னேன். பட்டம், சிலை, தொட்டி, எதைப் பற்றியும் அவர் கேட்கவில்லை. படத்தில் கேட்டதையே கேட்டார்.

"அவன் உங்ககிட்டக் கேட்டானா?"

அந்த அம்மாவிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கேட்டான் என்றேன். முதல் குழாயிலிருந்து ஆறாவதுவரை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தான். பிறகு என் வண்டிக்கு வந்தான். உதடு வெடித்திருந்தது. தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் பேசினான். 'சார், உங்ககிட்டத் தண்ணி இருக்கா, சார்?' என்றான். 'இல்லப்பா, போய் ஆடு,' என்றேன். 'சரி சார், தேங்க்ஸ்,' என்று சொல்லிவிட்டு மைதானத்துக்கு ஓடினான். நடக்கவில்லை, ஓடினான். ஒரு வாக்கியத்தில் இரண்டு சார். பிள்ளையை எவ்வளவு மரியாதையாக வளர்த்திருக்கிறார் என்று அவருக்குத் தெரிந்தால் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

அவர் என் கைகளைப் பார்த்தார்.

"இருந்துச்சா? உங்ககிட்ட?"

இருந்தது என்றேன். வண்டியின் பின்பலகையில், என் பக்கத்திலேயே, ஈரத்துணி சுற்றிய ஜாடி. இரண்டு கேலன் தண்ணீர், காலையில் போட்ட ஐஸ் பாதி கரைந்திருந்தது. அது நான் வீட்டிலிருந்து கொண்டுபோனது. நாள் முழுக்க வெயிலில் வேலை செய்கிறவன் நான், குடிக்காமல் எப்படி?

அவர் உள்ளே போனார். போனில் பேசும் சத்தம் கேட்டது. நான் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். நீங்கள் வந்தீர்கள். உங்கள் போலீஸ் வண்டியில் ஏறும்போது அவர் வீட்டு ஜன்னலைப் பார்த்துத் தலையசைத்தேன். வெயில் கண்ணில் அடித்ததால் அவர் பதிலுக்குத் தலையசைத்தாரா என்று தெரியவில்லை.

எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். ஒரு நகல் கல்லூரிக் கமிட்டிக்குப் போக வேண்டும். ஆலை ஊழியர் என்ற சொல்லுக்கு அடியில் கோடு போட்டுவிடுங்கள்.

இன்னும் ஒன்று. செப்டம்பரில் முதல் ஆட்டம் வரும்போது நான் இங்கே இருப்பேன் அல்லது வேறெங்காவது இருப்பேன். என் இருக்கையை வெண்டலின் மச்சான் எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் ஒரீதாவுக்கு வெயில் ஆகாது. முதல் இடைவேளையில் அவருக்கு ஐஸ் போட்ட எலுமிச்சைச் சாறு ஒன்று வாங்கித்தர வேண்டும். முப்பத்துமூன்று வருடமாக நான்தான் வாங்கித்தருகிறேன். அவர் ஒருநாளும் குடித்ததில்லை. வாங்கிக் காலடியில் வைத்துக்கொள்வார், ஐஸ் கரைவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். வேண்டாம் என்று சொன்னதில்லை. இப்போது கோபமாக இருப்பார்தான். ஆனாலும் அந்த இருக்கையை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். கட்டாயம் வருவார். இந்த அணிமேல் அவருக்கு இருக்கிற பற்று எனக்கு அல்லவா தெரியும்.