நிக்காமப் பத்துக் கிலோமீட்டர்

— நிக்காதீங்க்கா! நின்னீங்கன்னா இந்த ரவுண்டு சேத்தியில்ல. பேசோணும்னா நின்ன எடத்துலயே ஓடீட்டுப் பேசுங்க.

— அடப் போ வேலாத்தா, மூச்சு வாங்குது கண்ணு. ஒரு வாய் தண்ணி குடுத்தாத்தான் என்ன?

— அஞ்சு ரவுண்டு முடிஞ்சப்பறந்தான் தண்ணி. இப்பத்தான் நாலு ஆச்சு. செல்லத்தாயப் பாருங்க, செருப்பக் கழட்டி வீசீட்டு எப்பிடி ஓடறான்னு.

— ஏக்கா, கோவில்பட்டியில தண்ணி லாரிக்குப் பின்னால கொடத்தோட ஓடுனவ நான். இந்த சிட்கோ ரோடெல்லாம் எனக்கு எம்மாத்திரம்!

— உனக்கென்ன, தெனமும் தையல் மிசின மிதிக்கறவ. நா இருவது வருசமா பனியன் கம்பெனியில சூப்பர்வைசருன்னு நின்னே பழகிட்டேன்.

— சும்மாவா நின்னீக? நின்னுக்கிட்டே எங்கள வையறதுக்கு மட்டும் மூச்சு இருந்துச்சுல்ல. அது இப்ப எங்கிட்டுப் போச்சாம்?

— வாய மூடீட்டு ஓடு. ஏ வேலாத்தா, ஸ்கூட்டர் மேல உக்காந்துட்டு ஊனற குச்சிய ஆட்டாத கண்ணு. வண்டி சாஞ்சு கீழ உழுந்துருவே.

— நா உழுந்தா எந்திரிச்சுக்குவேன். நீங்க ஓடுங்க. ஒரு ரவுண்டுக்கு எட்டரை நிமிசம் ஆவுது உங்களுக்கு. நேத்து ஒம்பதே கால். பரவால்லீங்க்கா, தேறிட்டீங்க.

— இவ கையில வாட்ச்சக் குடுத்ததுதான் தப்பு. எங்க மிசினுக்குப் பின்னால நின்னு டைம் எடுப்பாரே அருள்குமாரு, அவரு கூட இப்பிடி வெரட்டுனதில்ல.

— அவருகிட்டக் கெஞ்சி வாங்கியாந்த வாட்ச்சாக்கும். சும்மா வெச்சுக்கறதுக்கா வாங்கியாந்தேன்?

— வெரட்டட்டும் செல்லத்தாயி. இன்னும் ஆறு நாளுதான் இருக்குது. ஞாயித்துக்கெழம கோயமுத்தூர்ல ஓடி முடிச்சே ஆகோணும்.

— மொதலாளிக்கும் குசும்புதான். சூப்பர்வைசரக்காகிட்ட ‘சித்ரகலா, நீ நிக்காமப் பத்துக் கிலோமீட்டர் ஓடிக் காட்டு, வேலாத்தாளுக்கு உக்காந்துக்கிட்டே நூல் வெட்டுற வேல நாந் தாரேன்’னு சொல்லிட்டுச் சிரிச்சாரு பாரு, எனக்கு வயிறு எரிஞ்சிருச்சு.

— சிரிச்சாலும் எல்லாத்துக்கும் முன்னால சொல்லீட்டாரில்ல. இனி மாத்த முடியாது.

— அந்த ஓட்டமே வேலாத்தாளுக்கு வந்த சீக்குக்காகத்தானாம்ல. பேருதான் வாயில நொழைய மாட்டேங்கு.

— எம்.எஸ்.னா போதும். நரம்பு மேல இருக்கற தோலு அங்கங்க உரிஞ்சு போகுமாம். ஒயரு மேல ரப்பரு உரிஞ்சா கரண்டு தடுமாறுமில்ல, அதே மாதிரின்னு டாக்டரு சொன்னாரு. எனக்கு மொதல்ல காலு மரத்துச்சு. அப்பறம் எதப் பாத்தாலும் ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சுது. கண்ணு ஒரு மாசத்துல சரியாயிருச்சு. காலுதான் இப்பிடியே நின்னுக்கிச்சு.

— கண்ணு சரியாயிருச்சுன்னா பழைய செக்கிங் வேலைக்கே வரலாம்ல? எதுக்குப் போயி நூல் வெட்டுதே?

— அய்யோ, செக்கிங்கே வேண்டாம். ரெண்டு வருசமாச்சு, அரிசியில கல்லுப் பொறுக்கக் கூட என்ற மக மோனிஷாவத்தான் கூப்பிடறேன். ஏழு வயசுப் புள்ள கண்ண நம்புவேன், என்ற கண்ண நம்ப மாட்டேன்.

— ஒரு தடவ தப்பு நடந்துச்சுங்கிறதுக்காகவா?

— அது ஒரு தப்பா? அந்தச் செவப்பு டி-சர்ட்டு, கலரு மாறிக் கெடந்தத அத்தனையும் பாசுன்னு என்ற பதினேழாம் நம்பர் ஸ்டிக்கர ஒட்டி அனுப்பியிருக்கறேன். வெளிநாட்டுக்காரன் பெட்டியோட திருப்பி அனுப்பிச்சான்.

— நீ அத ஒதுக்கி வெச்சேன்னு அன்னைக்கு அழுதியே.

— ஒதுக்குன மாதிரித்தான் இருந்துச்சு. சாமி முன்னால சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணக் கூட ரெடியாத்தான் இருந்தேன். அப்பறம் டாக்டரு தலைய ஸ்கேன் எடுத்து, அங்கங்க வெள்ளையாக் காட்டுனாரு. செரி, கண்ணோட ஞாபகமும் போச்சாட்ட இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டேன்.

— பழசையெல்லாம் இப்ப எதுக்குப் பேசறீங்க? ஓடறதப் பாக்கலாம்.

— பேசுனா என்னக்கா? தப்புப் பண்ணவளுக்காக நீங்க இந்தப் பாடு படறீங்க. கூடப் பொறந்தவ கூட இப்பிடிப் பண்ண மாட்டா. தெனமும் வெளக்கு வெக்கறப்ப உங்க பேரச் சொல்லித்தான் வெக்கறேன்.

— ஆத்தாடி, ரெண்டு பேரும் அழ ஆரம்பிச்சிருவீக போல. நான் அஞ்சாவது ரவுண்டு போயிட்டு வாரேன். சூப்பர்வைசரக்கா, பின்னாலயே வாங்க!

— போயிட்டா பாருங்க. ஏனுங்க்கா நின்னுட்டீங்க? காலு புடிச்சுக்கிச்சா?

— காலு நல்லாத்தான் இருக்குது.

— அப்ப ஓடுங்க. வாட்ச்சு ஓடீட்டே இருக்குது.

— வேலாத்தா, நீ ஒதுக்கித்தான் வெச்சே.

— என்னதுங்க்கா?

— அந்தச் செவப்பு பீஸ. தனியாக் கட்டி, டேபிளுக்குக் கீழ வெச்சு, மேல கலருன்னு சாக்பீஸ்ல எழுதி வெச்சிருந்தே. அன்னைக்குக் காலு மரத்துப் போச்சுன்னு நேரத்துலயே ஊட்டுக்குப் போயிட்டே. கேட்டுல கண்டெய்னரு நிக்குது, நாலு பெட்டி கொறையுது, பேக்கிங்குல கத்தறாங்க. உன்ற டேபிள்ல கெடந்த ஸ்டிக்கர எடுத்து ஒட்டுனது நாந்தான்.

— நீங்களா?

— நாந்தான். யாரு பாக்கப் போறாங்கன்னு நெனச்சேன். பெட்டி திரும்பி வந்தப்ப மொதலாளி நம்பரப் பாத்துட்டு உன்னையக் கேட்டாரு. நா வாயத் தொறக்கல. அப்பறம் உனக்கு இந்தச் சீக்குன்னாங்க. அதனாலதான் கண்ணு தெரியாம உட்டுட்டான்னு எல்லாருஞ் சொன்னாங்க. நானும் ஆமான்னு தலையாட்டீட்டேன்.

— தலையாட்டீட்டீங்களா?

— ஆமா கண்ணு. வையி. அந்தக் குச்சிய எடுத்து ரெண்டு போடு.

— கலருன்னு எழுதியிருந்தனுங்களா?

— எழுதியிருந்தே. நீல சாக்பீஸ்ல.

— எத்தன பீஸு?

— முந்நூத்தி நாப்பது. ஒண்ணக் கூட நீ உடல.

— ரெண்டு வருசங்க்கா. அடுப்ப அணைச்சனா இல்லியான்னு மூணு தடவ எந்திரிச்சுப் போயிப் பாக்கறேன். மோனிஷா இந்தப் பாவாடை பச்சையாம்மான்னு கேட்டா, பதில் சொல்லப் பயமா இருக்குது. கிறுக்கு புடிச்சிருச்சுன்னே முடிவு பண்ணீட்டனுங்க.

— பாவிதான் நானு. ஓடி முடிச்சு உனக்கொரு வேல வாங்கிக் குடுத்துட்டா மனசு ஆறீரும்னு பாத்தேன். ஆற மாட்டேங்குது. இன்னைக்கே மொதலாளிகிட்டச் சொல்லீடறேன். என்னைய வெளிய அனுப்பீருவாரு, அனுப்பட்டும்.

— இன்னைக்கேதான் சொல்லோணும். நானும் வருவேன். என்ற காதுல கேக்கோணும். இந்த வண்டியிலயே கூட்டீட்டுப் போங்க.

— செரி கண்ணு.

— நூல் வெட்டற வேல எனக்கு வேண்டாம். என்ற செக்கிங் டேபிள்தான் வேணும். ஒரு ஸ்டூலு மட்டும் போடச் சொல்லுங்க.

— கேக்கறேன். அப்ப ஞாயித்துக்கெழம?

— ஓடத்தான் வேணும். இந்தச் சீக்கு எனக்கு மட்டுமா வந்திருக்குது?

— என்னைய மன்னிச்சுரு வேலாத்தா.

— அத இப்பக் கேக்காதீங்க. நெஞ்சுக்குள்ள கோவம் திகுதிகுன்னு எரியுது. வாட்ச்சப் போட்டு உடைச்சுருவேன்.

— ஏ, இங்கனயே நிக்கீகளா இன்னும்? சூப்பர்வைசரக்கா ஏன் அழுதாக? நீ என்னடான்னா அழுதுக்கிட்டே சிரிக்கே! எத்தன நிமிசத்துல வந்தேன், சொல்லு.

— வாட்ச்சப் பாக்கல செல்லத்தாயி. அந்த முந்நூத்தி நாப்பதையும் நாஞ் சரியாத்தான் பாத்திருக்கறேன்டி!