உல்டா பொஸ்தகம்

அட இன்னாமா நீ, அத வுடவே மாட்டியா? கடை பூரா பொஸ்தகம் கீது, எது வேணா எடுத்துக்கோ. அந்தத் தலகாணி சைஸு ஜப்பான் பொஸ்தகம் மட்டும் இன்னிக்கு கெடயாது. குந்து, அந்த பேப்பர் கட்டு மேலயே குந்து. மந்தவெளில பழைய பேப்பர் கடைக்கு வந்துட்டு சோபா கேக்காத.

பேரு இன்னா? தாரணியா. நான் மாசிலாமணி. அந்தக் கதய பொம்ம சீரியலாவும் பாத்துட்ட, ஆளுங்க நடிச்ச சினிமாவாவும் பாத்துட்ட, பொஸ்தகம் ஒண்ணுதான் பாக்கி. நாயந்தான், இல்லேங்கல. ஆனா நாளைக்கு வா.

அடையார்ல ஒரு ஜப்பான்கார குடும்பம் வூட்ட காலி பண்ணிகினு போச்சு, அந்த மூட்டைல வந்தது. எழுத்து பூரா பூச்சி பூச்சியா கீது. நான் படத்த பாத்துதான் கதய புட்சேன். இஸ்கூல் பசங்க, கிரிக்கெட்டு மாதிரி ஆட்டம், ஸ்டம்பு மட்டும் காணோம். எடுத்தவுடனே கப்பு ஜெயிச்சிட்டானுங்க! எல்லா மண்டையும் மொட்ட. வடபழனிக்கு வேண்டிகினு ஆடுனானுங்க போலன்னு நெனச்சேன். அப்பால பொரட்டினா, தலையும் புரியல காலும் புரியல. பந்து மட்டைல பட்டதுக்கு அப்பாலதான் அந்தப் பய எறியவே எறியறான். ஒருத்தன் மூக்கு ஒடஞ்சி ரத்தமா வரான், அடுத்த பக்கத்துல போய் வம்பு இழுக்கறான். அடி வாங்கிட்டா சண்டைக்குப் போவாங்க? போவப்போவ எல்லாத்துக்கும் முடி வளருது, ஆட்டம் மறந்துபோவுது. கடைசி பக்கத்துல அந்த எறியற பயலுக்கு பந்த எப்படி புடிக்கறதுன்னே தெரியல. கப்பு வாங்கினவன் எப்படி வீணாப் போறான்னு ஜப்பான்காரன் நல்லாத்தான் எழுதிகீறான்னு நெனச்சிகினேன்.

சிரி சிரி. பக்கத்து கடை ஃபைசானும் இப்படித்தான் சிரிச்சான். செல்லு ரிப்பேர் பண்றவன். மாமா, இது எங்க உருது பொஸ்தகம் மாதிரி, வலப்பக்கத்துலேந்து படிக்கணும், நீ உல்டாவா ஓட்டிகினு கீறன்னான். அப்பால இதே கதய அவன் செல்லுலதான் சீரியலாவும் பாத்தேன், சினிமாவாவும் பாத்தேன். ரெண்டுத்துலயும் ஒரே பேஜாரு.

இன்னான்னா? அந்த எறியற பையனோட அம்மா கீதே, நூடுல்ஸ் கடை போட்டுகினு, சேத்துக் காலோட எவன் உள்ள வந்தாலும் கரண்டியால போடுமே, அந்தம்மாதான். நீ அழுதியா? நானும்தான். சீரியல்ல ஒம்போதாவது வாரம் போயிடுது. சினிமால இன்ட்ரவெல்லு வரைக்கும்கூட வெச்சிக்கல. எவ்ளோ செலவு பண்ணி எடுக்கறானுங்க, ஒருத்தனுக்காவது அந்தம்மாவ காப்பாத்தணும்னு தோணுச்சா? செல்ல நிறுத்துறான்னு ஃபைசான திட்டிட்டு வந்துட்டேன். அவன் இன்னா பண்ணுவான் பாவம்.

என் பொஸ்தகத்துல அப்படி இல்லமா. மொதல்ல அந்தம்மா போட்டோவுல மாலை கீது. சரி, எவனோ அவசரப்பட்டு போட்டுட்டான்னு வெச்சிக்கோ. அப்பால கட்டில்ல, மூக்குல கொழாயோட படுத்துகினு கீது. அப்பால எழுந்து குந்துது, ஆரஞ்சு உரிச்சி துன்னுது. அதுக்கப்பறம் நேரா கடைக்குப் போயி கரண்டிய தூக்கிடுச்சி. கப்பு கெடக்குது போ, இதான் கத.

ஆமா, எனக்குத் தெரியாதா, நேராப் படிச்சா வேறன்னு. நீ சொல்லித்தான் தெரியணுமா? ஃபைசான் சொல்லி ஒரு மாசம் ஆவுது. இருந்தாலும் தெனம் இந்தப் பக்கத்துலேந்துதான் பொரட்டறேன்.

கோச்சுக்காத, ஒண்ணு சொல்லிடறேன். அந்த மாலை போட்ட பக்கம் ரெண்டயும் பசை தடவி ஒட்டிட்டேன். நாளைக்கு ஃபைசான்கிட்ட வாங்கிகினு போயி தண்ணி தொட்டு மெதுவா பிரிச்சிக்கோ. வந்துடும், மைதா பசைதான்.

ஏன்னா, இன்னாத்த சொல்றது... கோவிந்தம்மா பாத்துடக் கூடாது. என் பொஞ்சாதி. ஆஸ்பத்திரில சேத்து பன்னெண்டு நாள் ஆச்சு. தெனம் நாலு மணிக்கு உள்ள வுடுவாங்க, நான் பொஸ்தகத்த எடுத்துகினு போயி நாலு பக்கம் கத சொல்லுவேன். நேத்து அந்தக் கட்டில் வரைக்கும் வந்தோம். படத்துல கீற கொழாய பாத்துச்சு, தன் கையில கீற கொழாய பாத்துச்சு. இது எழுந்துக்குமாய்யான்னு கேட்டுச்சு. அதுக்குள்ள பெல் அட்ச்சிட்டானுங்க.

நாளைக்கு காலைல ஆபரேசன். சம்மதம்னு கைநாட்டு வெக்கச் சொல்லி டாக்டரம்மா மூணு நாளா கோவிந்தம்மாகிட்ட பேப்பர நீட்டிகினு கீறாங்க. பொஸ்தகத்துல அந்த பொம்பள எழுந்து குந்தறத பாத்துட்டுதான் கைநாட்டு வெப்பேன்னுடுச்சி.