தொண்ணூற்றைந்து டிகிரி

கம்ப்யூட்டர் சூடானால் முதலில் ஃபேனைத்தான் பார்க்க வேண்டும் சார். நிறையப் பேர் அதைக்கூடச் செய்யாமல் புதுசு வாங்கப் போய்விடுகிறார்கள்.

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரை நானே பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்தேன். என் மனைவி ரேவதி பட்டுப்புடவைக்கு பார்டரும் முந்தானையும் அதில்தான் வரைவாள். தறி வீட்டில் பிறந்தவள். தறியில் உட்காரும் முன் அவள் அப்பா அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். இவள் தினமும் அந்த இரும்புப் பெட்டியைத் தொட்டு ஒற்றிக்கொள்வாள். கட்டின புருஷனுக்குக்கூட இந்த மரியாதை இல்லையே என்று கேலி செய்வேன்.

ஆடி மாதத்திலிருந்து பிராசசர் சூடு தொண்ணூற்றைந்து டிகிரிக்குப் போனது. வரைந்துகொண்டிருக்கும்போதே அணைந்துவிடும். ஃபேனில் அடைந்திருந்த பட்டுத் தூசியைப் பிரஷ்ஷால் எடுத்தேன். பிராசசர் சூட்டை இறக்க மேலே தடவியிருந்த, காய்ந்துபோன பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகத் தடவினேன். எல்லாம் அவள் பார்க்கச் செய்தது. காரணம் எனக்குத் தெரியும். கேமராவில் அவளை நாள் முழுக்கப் படம் பிடித்து என் போனுக்கு அனுப்பும் புரோகிராம் ஒன்றை உள்ளே ஒளித்து வைத்திருந்தேன். அதை நிறுத்தியிருக்கலாம். ஆனால் கொஞ்ச நேரம் அவள் முகம் தெரியாவிட்டால் எனக்கு வேலையே ஓடாது. என்னை விட்டுப் போய்விடுவாள் என்ற பயம் கல்யாணமான நாளிலிருந்தே உண்டு.

“யாரோ உள்ள உக்காந்துக்கினு என்னையே பாக்கறா மாதிரி இருக்குதுபா. பயமா இருக்குது,” என்றாள் ஒருநாள். என்னிடம் சொல்லாமலே மெக்கானிக் மாணிக்கவேலை வரவழைத்தாள். அவர் வந்தபோது நானும் வீட்டில் இருந்தேன்.

அவரும் நெசவாளர் வீட்டுப் பிள்ளைதான். ஸ்குரூடிரைவரை எடுக்கும் முன் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு திறந்து பார்த்துவிட்டு, “ஃபேன் நல்லா சுத்துதுண்ணா. சும்மா இருக்கறப்பவே உள்ள எதுவோ ஓடிக்கினு இருக்குது. வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வந்து இன்னான்னு பாத்துடறேன். ஆஃப் பண்ணாம வைங்க,” என்றார்.

அவர் கண்டுபிடித்தால் ரேவதி போய்விடுவாள். எனக்கு மாணிக்கவேல் மேல் கோபமெல்லாம் கிடையாது.

வியாழக்கிழமை காலை ரேவதியை ஐயம்பேட்டையில் இருக்கும் அவள் அக்கா வீட்டுக்கு ஷேர் ஆட்டோ ஏற்றிவிட்டேன். தொட்டால் ஷாக் அடிக்கும்படி பெட்டியின் எர்த் ஒயரில் நான் செய்த வேலையை உங்கள் ஆட்கள் பார்த்துவிட்டார்கள். மாணிக்கவேல் வந்ததும் தொட்டு ஒற்றிக்கொள்வார், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

பத்தேகாலுக்குப் போனில் ரேவதி தெரிந்தாள். அக்காவிடம் காட்ட ஒரு டிசைனை எடுக்கப் பாதி வழியில் திரும்புவதாக அவளுக்குப் போன் செய்தாளாம். பையை ஆணியில் மாட்டினாள். ஜன்னலைத் திறந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள். இதற்கெல்லாம் ஒரு நிமிடத்துக்கு மேலேயே ஆகியிருக்கும். பிறகு கையை நீட்டினாள். விழுந்ததையும் பார்த்தேன். நான் வீடு போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை.

ஏன் கூப்பிடவில்லை என்று மூன்றாவது தடவை கேட்கிறீர்கள். அவள் போன் பையில்தான் இருந்தது. தொடாதே என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் சொல்லியிருந்தால், நான் பார்த்துக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரிந்துபோயிருக்கும் சார்.