தாடை ஒன்று, காது ஒன்று

“அக்கா, தாடை ஒண்ணு சொல்லுது, காது ஒண்ணு சொல்லுது. எதைக் கேக்கறது?”

“காதைக் கேளு. தாடை சாப்பிடறதுக்கு.”

சிரித்துவிட்டாள். உங்கள் மனைவிக்கு என் கிண்டல் எப்போதும் பிடிக்கும், மாப்பிள்ளை. இது போன்ற ஓர் ஒப்பனை அறையில், கச்சேரியின் இடைவேளையில் பேசியது அது. உட்காருங்கள். அரங்கத்தில் காத்திருப்பவர்கள் காத்திருக்கட்டும், டிக்கெட் வாங்கியவர்கள் லேசில் எழுந்து போகமாட்டார்கள். நான் ஏன் இன்னும் மேடை ஏறவில்லை என்று கேட்டீர்கள். அதை அந்தத் தாடையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

நீங்கள் பல் டாக்டர். ஒலி உங்கள் துறை இல்லை, அதனால் எளிமையாகச் சொல்கிறேன். காலி வீட்டில் ஓடும் ஃப்ரிட்ஜின் முனகலைப் பதிவு செய்து, இழுத்து, நீட்டி, அடுக்கடுக்காக லேப்டாப்பில் நெய்து, மாதக்கணக்கில் ஒரு படைப்பைக் கட்டுவேன். அதன் நடுவே என் தங்கை வந்து, வயலினைத் தாடையில் இடுக்கி, வில்லை ஒரு இழுப்பு இழுப்பாள். உடனே ஆட்கள் கண்ணைத் துடைப்பார்கள். மறுநாள் பத்திரிகையில் ‘வயலின் அழுதது’ என்று வரும். என்னைப் பற்றி, ‘பின்னணியும் பொருத்தம்’. மாளிகையைக் கட்டியவள் நான். ஜன்னலில் வந்து உட்கார்ந்த கிளிக்குப் பாராட்டு. அந்தக் கிளிக்கு எந்த வயரை எங்கே செருகுவது என்றுகூடத் தெரியாது. என் லேப்டாப்பை அவள் ‘உன் பொட்டி’ என்பாள்.

மேடையில் ஸ்பீக்கர் சத்தத்தில் வாசிப்பவருக்குத் தன் வாசிப்பே கேட்காது. அதற்காகக் காதில் ஒரு சின்ன இயர்போன். அதில் என்ன கேட்க வேண்டும் என்பதை நான்தான் தீர்மானிப்பேன். அவளுடைய வயலினை, அவள் காதில் மட்டும், ஓர் இழை சுருதி இறக்கி அனுப்பினேன். இறங்கி இருக்கிறதே என்று அவள் விரலை ஏற்றுவாள். அவள் காதில் சரியாகிவிடும். அரங்கத்துக்கு அது கண்ணாடியில் ஆணி கீறியது போல இருக்கும். ஆனால் வயலினின் மரம் தாடையில் அல்லவா இருக்கிறது? எலும்பு வழியாக உண்மை போய்க்கொண்டே இருந்தது. அதைத்தான் அவள் அன்று கேட்டாள்.

ஒத்திகையில் நான் அதைச் செய்ததே இல்லை. வீட்டில் அவளுக்கு இயர்போனே தேவையில்லை. ஒருத்தி வீட்டில் சுத்தமாக வாசித்து மேடையில் மட்டும் பிசகினால் ஊரே ஒரு வார்த்தைதான் சொல்லும். பயம். அந்த வார்த்தையை நான் சொல்லவில்லை, மாப்பிள்ளை. முதலில் சொன்னது நீங்கள். படபடப்புக்கு மாத்திரை வாங்கி வந்தீர்கள். அவள் தாடையைப் பற்றியே புலம்பியதால், பல்லில் மாட்டிக்கொண்டு தூங்க ஒரு பிளாஸ்டிக் காப்பும் செய்து கொடுத்தீர்கள். மன்னிக்க வேண்டும், அதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது. இத்தனை படித்தவர்கள் இருக்கும் குடும்பத்தில், பொட்டியைச் சந்தேகிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

கச்சேரிப் பதிவைப் போட்டுக் காட்டியபோது, “இது நானாக்கா?” என்று மட்டும் கேட்டாள். பிறகு வயலின் அலமாரி மேலே போய்விட்டது. நான் அவளை ஒரு சொல் திட்டியதில்லை. ஒரு குமிழைத் திருகினேன், அவ்வளவுதான். கூடப் பிறந்தவர்களை நாக்கால் கொல்பவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

வீட்டில் அவள் சும்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாக நீங்கள் சொன்னபோது, அவளை வரச் சொன்னதும் நான்தான். வயர் சுற்றினாள், பேட்டரி மாற்றினாள். “இந்தக் குமிழ் எதுக்குக்கா?” என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். குழந்தைக்கு எழுத்து சொல்லிக் கொடுப்பது போலச் சொல்லிக் கொடுத்தேன். தலையைச் சாய்த்துக் கேட்பாள். இசை யாருடையது என்று கடைசியில் இவளுக்கும் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். ஒருநாள் இயர்போன் வரிசையில் ஒரு குமிழைத் தொட்டு, “இது?” என்றாள்.

“சுருதியை ஏத்தி இறக்கறது. இப்ப யாரும் அதைத் தொடறதில்லை.”

“சரிக்கா” என்று வயரைத் தொடர்ந்து சுற்றினாள்.

இன்றைய படைப்பில் வயலின் இல்லை. நானே பாடுகிறேன். சின்ன வயதில் இரண்டு பேரும்தான் பாடினோம். சின்னவளுக்குக் காது, பெரியவளுக்கு மூளை என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி முடித்துவிட்டார். நான் பாடுவதால் கன்சோலில், அதாவது பொட்டியும் குமிழ்களும் இருக்கும் மேஜையில், வேறொருவர் உட்கார வேண்டும். ஒலிப்பதிவாளர் ஒருவரை ஏற்பாடு செய்திருந்தேன். அவரை அவள் டீ குடிக்க அனுப்பிவிட்டாளாம்.

நீங்கள் அவளை வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். இப்போதே. அதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். எனக்குப் பயம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள், மாப்பிள்ளை. ஒத்திகையில் ஒரு பிசிறு இல்லாமல் பாடினேன். வீட்டிலும் அப்படித்தான்.

நீங்கள் வருவதற்குச் சற்று முன்புதான் அவள் கதவைத் தட்டிவிட்டு வந்தாள். உள்ளங்கையில் என் இயர்போன். அதைத் துணியால் பொறுமையாகத் துடைத்து நீட்டினாள். உப்பு எடுத்துத் தரச் சொல்வது போலத்தான் கேட்டாள்.

“அக்கா, ரொம்ப நாளா உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். இன்னிக்கு இதை நீ மாட்டிக்கிட்டுப் பாடு. பொட்டி கிட்ட நான் உக்காந்துக்கறேன்.”